விற்றும் ஒப்படையாமை: தாமதித்த வீடும் திருப்பித் தர இயலாத காலமும்

பணத்தைப் பெற்றுக்கொண்ட ஒருவர், அதற்கு ஈடாகத் தருவதாக ஒப்புக்கொண்ட பொருளைச் சொன்ன நாளில் தராமல் சில ஆண்டுகள் கழித்துத் தந்தால், அவருடைய கடன் தீர்ந்துவிட்டதா என்பது அறவியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. பொருள் முழுதாக வந்து சேர்ந்துவிட்டது. அளவில் குறைவில்லை, தரத்திலும் பழுதில்லை. குறைந்தது காலம் மட்டுமே. அந்தக் காலம் யாருடையது, அதை எடுத்துக்கொண்டவர் எதைக் கொண்டு அதற்கு ஈடு செய்வார் என்று கேட்கத் தொடங்கினால், வாணிகம் பற்றிய சிறு வழக்காகத் தோன்றியது வாக்கு, உடைமை, வாழ்நாள் ஆகியவற்றைப் பற்றிய விசாரணையாக விரிகிறது. இந்திய நகரங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பணம் கட்டிவிட்டு, குறித்த நாளில் சாவி கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்போரின் நிலை இக்கேள்வியை ஏட்டிலிருந்து இறக்கி வாசலில் நிறுத்தியிருக்கிறது. அவர்களுக்குச் சட்டம் எந்தெந்த வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது என்பதையும், அவ்வழிகளுக்கு அடியில் இருக்கும் நீதிக் கருத்து எது என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்' என்ற பழமொழி, வீடு கட்டுவோர் தாமே செங்கல்லும் மணலும் வாங்கி, கொத்தனாரோடு வெயிலில் நின்று, வேலை ஏன் தாமதமாகிறது என்பதைக் கண்ணால் கண்ட காலத்தில் பிறந்தது. அடுக்குமாடி வீடு வாங்குபவரின் நிலை வேறு. அவர் கட்டுவதில்லை, கட்டித் தருவதாகச் சொல்லப்படும் வாக்கை விலைக்கு வாங்குகிறார். தமிழ்நாட்டு வழக்கில் நெடுங்காலமாக இவ்வாக்கு பெரும்பாலும் இரண்டு ஆவணங்களாக அவர் கைக்கு வந்தது. மொத்த மனையில் அவருக்கு உரிய, எல்லை பிரித்துக் காட்ட முடியாத பங்கை, அதாவது பேச்சு வழக்கில் 'யு.டி.எஸ்.' எனப்படும் பிரிபடாத பாகத்தை, எழுதித் தரும் கிரயப் பத்திரம் ஒன்று; இன்ன தளத்தில் இத்தனை சதுர அடி வீட்டை இன்ன தேதிக்குள் முடித்து ஒப்படைப்பதாகச் சொல்லும் கட்டுமான ஒப்பந்தம் மற்றொன்று. தேதி கடந்த பிறகும் ஆறாவது தளத்தில் நிலைக்கால் மட்டும் நின்று கதவு இல்லாமலும், லிப்ட்டுக்கான குழியில் மழைநீர் தேங்கியும், தூண்களின் தலைப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் துருவேறியும் கிடக்கும்போது, வாங்கியவர் மாதந்தோறும் இரண்டு வீடுகளுக்குப் பணம் கட்டுகிறார்: குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை, குடியேறாத வீட்டுக்கு வங்கித் தவணை. இவை ரசீதில் ஏறும் இழப்புகள். புதுமனையில் பால் காய்ச்சுவதைப் பார்க்கக் காத்திருந்த பெற்றோர் அதற்குள் மறைந்துபோவதும், ஓய்வுபெறுவதற்குள் கடனை அடைத்துவிடலாம் என்ற கணக்கு கலைவதும் எந்த ரசீதிலும் ஏறுவதில்லை.

தாமதத்தைத் தனியொரு குற்றமாகக் காணும் மரபு மிகப் பழையது. வழக்குகளைப் பதினெட்டுத் தலைப்புகளாக வகுக்கும் நாரத ஸ்மிருதியில் 'விக்ரீய அசம்பிரதானம்', அதாவது 'விற்றும் ஒப்படையாமை', தனித் தலைப்பாகவே இடம்பெறுகிறது. விலையைப் பெற்றுக்கொண்டு பொருளைக் கொடாதவர், அது அசையாப் பொருளாக இருந்தால் இடைக்காலத்தில் வாங்கியவர் இழந்த பயனையும், அசையும் பொருளாக இருந்தால் அதனால் வந்திருக்கக்கூடிய ஆதாயத்தையும் ஈடாகத் தர வேண்டும் என்பது அந்நூல் கூறும் விதி. விவிலியத்தின் லேவியர் நூல், கூலியாளின் கூலியை மறுநாள் காலைவரை நிறுத்தி வைப்பதை, பிறரைக் கொள்ளையிடுவதை விலக்கும் அதே வசனத்தில் விலக்குகிறது. மறுநாள் முழுக்கூலியும் கிடைத்துவிடும் என்றாலும், அந்த ஓர் இரவு தாமதம் கொள்ளைக்கு அருகில் வைத்து எண்ணப்படுகிறது. இஸ்லாமிய மரபு இதில் நுட்பமான வேறுபாடு ஒன்றைச் செய்கிறது. செலுத்தும் வசதி இருந்தும் தவணை கடத்துவது அநீதி என்கிறது நபிமொழி. மெய்யாகவே நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தருமாறு கூறுகிறது குர்ஆன். தாமதித்தவரின் நிலையை ஆராயாமல் தாமதத்தின் குற்றத்தை எடை போட முடியாது என்பது இதன் உட்பொருள். திருக்குறளின் 'செய்ந்நன்றி அறிதல்' அதிகாரமோ உதவியின் பெருமையை அதன் அளவால் மட்டும் அளக்காமல் அது வந்து சேர்ந்த வேளையாலும் அளக்கிறது. அக்கருத்தைத் திருப்பிப் பார்த்தால், வேளை தப்பி வந்த வீடு, ஒரு சதுர அடியும் குறையாமல் வந்தாலும், குறைந்து வந்த வீடே.

இதற்கு எதிரான வாதமும் வலுவானதே. பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவைனஸ், ஒருவர் ஏற்கெனவே வைத்திருப்பதைப் பறிப்பதையும், அவர் அடைய இருந்ததைத் தடுப்பதையும் வேறுபடுத்துகிறார். முன்னதற்கு முழு ஈடு தர வேண்டும்; பின்னதற்கு ஓரளவு ஈடு போதும், ஏனெனில் அடைய இருந்தது இடையில் வேறு பல காரணங்களாலும் கைநழுவிப் போயிருக்கலாம். விதைத்த நிலத்தைத் தோண்டி அழித்தவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர் என்றாலும், முழு விளைச்சலின் மதிப்பையும் தர வேண்டியதில்லை. விதைத்தவரிடம் விளைச்சல் ஆற்றல் நிலையில் இருந்ததே அன்றிக் களத்தில் குவிந்திருக்கவில்லை. கட்டி முடியாத வீட்டை வாங்கியவரும் விதைத்தவரைப் போன்றவரே என்று கொண்டால், அவர் இழந்தது வீடு அன்று, வீட்டுக்கான வாய்ப்பு மட்டுமே என்று கட்டுநர் தரப்பு வாதிடலாம். ஆனால் இவ்வுவமை ஓரிடத்தில் முறிகிறது. உழவர் மழையையும் வெயிலையும் நம்பி விதைக்கிறார். எந்த மனிதரும் அவருக்கு விளைச்சலை உறுதியளிக்கவில்லை. வீடு வாங்கியவரோ ஒரு தேதியை எழுத்தில் பெற்றுக்கொண்டு, அந்தத் தேதியை நம்பியே வாடகை ஒப்பந்தத்தையும் வங்கிக் கடனையும் குடும்பத்தின் மற்ற ஏற்பாடுகளையும் அமைத்துக்கொள்கிறார். வாக்கு கொடுத்த நாளிலிருந்தே அந்தத் தேதி அவருடைய உடைமைகளுள் ஒன்றாகிவிடுகிறது.

காலத்துக்கு ஈடாக வட்டி என்ற வழக்கம் இக்கேள்வியை மேலும் சிக்கலாக்குகிறது. வட்டி வாங்குபவர் இறைவனுக்கு உரிய காலத்தை விற்கிறார் என்று இடைக்கால ஐரோப்பிய இறையியலாளர்கள் வாதிட்டனர். அவர்களுள் சிலரே, கொடுத்த பணம் உரிய நாளில் திரும்பாததால் ஒருவருக்கு மெய்யாக நேர்ந்த நட்டத்துக்கு ஈடு கேட்பது வட்டியாகாது என்று விலக்கும் அளித்தனர். இவ்வேறுபாடு இன்றைய வழக்குகளுக்கும் பொருந்தும், ஏனெனில் தாமதித்த மாதங்களுக்காக வீடு வாங்கியவர் கேட்கும் தொகை பணத்தின் மேல் ஈட்டும் ஆதாயம் ஆகாது. தம் பணத்தைப் பிறர் தம் அனுமதியின்றிக் கூடுதல் காலம் பயன்படுத்தியதற்கான ஈடு அது. பழைய ஒப்பந்தங்கள் இதை ஒருபக்கமாகவே ஏற்றன. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பயனியர் நிறுவன வழக்கில், வாங்குபவர் தவணையைத் தாமதித்தால் 18 சதவீதம் வட்டி என்றும், கட்டுநர் பணத்தைத் திருப்பத் தாமதித்தால் 9 சதவீதம் மட்டுமே என்றும் ஒப்பந்தம் கூறியது. இத்தகைய ஒருதலையான விதிகள் நேர்மையற்ற வணிக நடைமுறை என்று நீதிமன்றம் அறிவித்தது. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாடும் பட்டினப்பாலை, தம் பொருளையும் பிறர் பொருளையும் ஒன்றாகக் கருதியதையே அவர்களுடைய சிறப்பாகக் காட்டுகிறது. அந்த நடுவுநிலைமையை இன்று சட்டமே விதியாக்கியிருக்கிறது: தவறும் வாங்குபவர் எந்த வீதத்தில் வட்டி செலுத்துவாரோ, தவறும் கட்டுநரும் அதே வீதத்தில் செலுத்த வேண்டும்.

அந்த விதியைக் கொண்டிருப்பது 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம். மக்கள் வழக்கில் 'ரெரா' எனப்படும் இச்சட்டம் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டுக்கு அமைந்த ஆணையம் அந்தமான் நிகோபார் தீவுகளையும் சேர்த்துக் கவனிக்கிறது. பதிவு செய்யப்பட்ட எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. வாங்குவோரிடமிருந்து வரும் தொகையில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்தின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும். இவை வருமுன் காக்கும் ஏற்பாடுகள். தவறு நேர்ந்த பிறகு தீர்வு சொல்வது 18ஆம் பிரிவு. சட்டத்தின் அற உள்ளடக்கம் திரண்டு நிற்கும் இடமும் அதுவே. ஒப்பந்தத் தேதியில் வீட்டை ஒப்படைக்கத் தவறினால், வாங்கியவர் முன் இரண்டு வழிகளை அப்பிரிவு வைக்கிறது. திட்டத்திலிருந்து விலக விரும்பினால், கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடும் இழப்பீட்டோடும் திரும்பப் பெறலாம். விலக விரும்பாவிட்டால், வீடு ஒப்படைக்கப்படும் வரை தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறலாம். வட்டி வீதத்தை மாநில விதிகள் வகுக்கின்றன. தமிழ்நாட்டில் அது பாரத ஸ்டேட் வங்கியின் கடன் வட்டி வீதத்தோடு 2 சதவீதத்தைக் கூட்டிக் கணக்கிடப்படுகிறது. கணக்கின் எளிமைக்காக ஆண்டுக்கு 10 சதவீதம் என்று கொண்டால், 48 லட்சம் ரூபாய் கட்டியவருக்குத் தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் 40,000 ரூபாய் சேரும். வாடகையையும் தவணையின் ஒரு பகுதியையும் தாங்கக்கூடிய இத்தொகை, அவரைக் கெஞ்சுபவர் நிலையிலிருந்து கடன் கொடுத்தவர் நிலைக்கு மாற்றுகிறது.

இத்தீர்வை நாடுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட மன்றங்கள் உள்ளன. பணத்தைத் திரும்பக் கேட்பவரும் மாத வட்டி கேட்பவரும் ரெரா ஆணையத்திடம் முறையிடலாம்; இவற்றுக்கு அப்பாற்பட்ட இழப்பீட்டை முடிவு செய்பவர் அச்சட்டத்தின் கீழ் அமர்த்தப்படும் தீர்ப்பு அலுவலர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் வழியும் அடைபடவில்லை என்று 2020ஆம் ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அவ்வழியில் செல்வோர், கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையத்தையும், அதையும் கடந்தால் தேசிய ஆணையத்தையும் அணுக வேண்டும். நுகர்வோர் வழக்குக்கு இரண்டாண்டு காலவரம்பு உண்டு. ஆயினும் வீடு ஒப்படைக்கப்படாதவரை வழக்குக்கான காரணம் நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது என்று நீதிமன்றங்கள் கருதுகின்றன. தாமதம் என்றோ நடந்து முடிந்த ஒற்றைச் செயல் ஆகாமல், ஒவ்வொரு விடியலிலும் மீண்டும் நிகழும் தவறு என்ற கருத்து இதில் அடங்கியிருக்கிறது. எந்த மன்றத்துக்குப் போனாலும் ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீதுகள், வங்கிக் கணக்குப் பதிவு, தேதியைத் தள்ளிப்போட்டுக் கட்டுநர் அனுப்பிய கடிதங்கள் ஆகியவையே சான்று. வாய்ச்சொல்லாகக் கிடைத்த சமாதானங்கள் அங்கே எடுபடுவதில்லை.

பணத்தால் அளக்க முடியாத துன்பத்துக்குச் சட்டத்தில் இடம் உண்டா என்ற கேள்விக்கு 1993ஆம் ஆண்டு லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை கூறியது. வீடு கட்டித் தருவதும் சட்டத்தின் பொருளில் ஒரு 'சேவை' என்றும், அதில் குறை நேர்ந்தால் மன உளைச்சலுக்கும் அலைக்கழிப்புக்கும் இழப்பீடு உண்டு என்றும் அத்தீர்ப்பு நிறுவியது. அதோடு நில்லாமல், அதிகாரிகளின் தவறான செயலால் நேர்ந்த துன்பத்துக்கான தொகை பொதுப்பணத்திலிருந்து போகாமல் பொறுப்பானவர்களிடமிருந்தே வசூலிக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. ஈடு எவ்வளவு என்பதோடு அது யார் கையிலிருந்து வருகிறது என்பதும் நீதியின் பகுதி என்ற பழைய அறக்கருத்து இங்கே சட்ட வடிவம் பெறுகிறது. மன உளைச்சலுக்குத் தரப்படும் தொகை பெற்றோரின் கடைசி ஆண்டுகளைத் திருப்பித் தராது. எனினும் அது நடந்ததை விதியின் விளையாட்டு என்று விட்டுவிடாமல், ஒரு மனிதர் மற்றொரு மனிதருக்குச் செய்த தீங்கு என்று பொதுமன்றத்தில் பதிவு செய்கிறது.

விதி என்ற சொல் இவ்விவாதத்தில் தற்செயலாக நுழைவதில்லை. வீடு அமைவதற்கு யோகம் வேண்டும், நேரம் வந்தால்தான் சாவி கிடைக்கும் என்ற ஆறுதல் மொழிகள் காத்திருக்கும் குடும்பங்களில் இயல்பாகப் புழங்குகின்றன. கட்டுநரின் ஒப்பந்தத்திலும் இதற்கு இணையான ஒரு விதி உண்டு. மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட நிகழ்வுகளால் தாமதம் நேர்ந்தால் பொறுப்பில்லை என்று அது சொல்லும். ரெரா சட்டம் இவ்விலக்கை இறுக்கிக் கட்டுகிறது. போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம், இயற்கையால் நேரும் பிற பேரிடர் ஆகியவற்றுக்கு மட்டுமே தவிர்க்க முடியாத நிகழ்வு என்ற பெயரைத் தந்து, அவை நேர்ந்தால் திட்டத்தின் பதிவுக் காலத்தை நீட்டிக்க இடமளிக்கிறது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் இவ்வழியிலேயே திட்டங்களுக்கு ஆறு மாத நீட்டிப்பு கிடைத்தது. மணல் விலை ஏறியதும், விற்பனை மந்தமானதும், பணத்தை வேறு திட்டத்தில் முடக்கியதும் இப்பட்டியலில் இல்லை. 2021 நவம்பரில் நியூடெக் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்று, எதிர்பாராத நிகழ்வுகளோ நீதிமன்றத் தடையாணைகளோ இருந்தாலும், குறித்த காலத்தில் வீடு கிடைக்காதவர் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை நிபந்தனையற்றது என்றது. கட்டுநர் குற்றவாளியா என்ற விசாரணை இவ்வுரிமைக்கு முன்நிபந்தனை ஆகாது. ஊழ் யார் பக்கம் விளையாடினாலும், அதன் சுமையை வாக்கு கொடுத்தவரே ஏற்க வேண்டும், வாக்கை நம்பியவர் மேல் ஏற்றக் கூடாது என்பதே இத்தீர்ப்பின் மெய்யியல்.

பொறுமையை உயர்ந்த அறமாகப் போற்றும் மரபில் வளர்ந்தோருக்கு, முறையீடு செய்வதே பொறுமையின்மையோ என்ற தயக்கம் எழக்கூடும். ஆனால் பொறுத்தல் என்பது தண்டிக்கும் வலிமை இருந்தும் தண்டிக்காமல் விடுவது. கேட்க வழி தெரியாமல் காத்திருப்பது இயலாமையே ஆகும். 2018ஆம் ஆண்டின் தீர்ப்பொன்றில் உச்ச நீதிமன்றம், வாங்கியவரை முடிவின்றிக் காத்திருக்கச் சொல்ல முடியாது என்றும், ஒப்பந்தத்தில் தேதி குறிக்கப்படாத நிலையிலும் மூன்றாண்டு காலம் நியாயமான அளவு என்றும் கூறியது. உரிமை உறுதியான பிறகு ஒருவர் தம் விருப்பத்தால் இன்னும் ஓராண்டு பொறுத்தால் அது அறம்; அவ்வுரிமையே இல்லாதவரிடம் பொறுமையை உபதேசிப்பது தாமதித்தவருக்குச் செய்யும் உதவியாகவே முடியும்.

ஒருவரின் உரிமை மற்றவரின் நலனோடு மோதும்போதுதான் இக்கேள்வி மிகக் கடினமாகிறது. ஒரே திட்டத்தில் 200 குடும்பங்கள் பணம் கட்டியிருக்க, அவர்களுள் 50 பேர் விலகிப் பணத்தைத் திரும்பப் பெற்றால், எஞ்சிய 150 பேரின் வீட்டைக் கட்டப் பணம் இல்லாமல் போகலாம். கட்டுநரே கடனில் மூழ்கிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வீடு வாங்கியோர் திவால் சட்டத்தில் வங்கிகளைப் போலவே நிதிக் கடன் கொடுத்தோராகக் கருதப்பட்டு, நிறுவனத்தின் எதிர்காலத்தை முடிவு செய்யும் கடன் கொடுத்தோர் குழுவில் இடம்பெறுகின்றனர். எனினும் திவால் வழக்கைத் தொடங்க அத்திட்டத்தில் வாங்கியோருள் குறைந்தது 100 பேரோ 10 சதவீதத்தினரோ, இவற்றுள் எது குறைவோ அந்த எண்ணிக்கையினர், ஒன்று சேர வேண்டும். தொடங்கியபின் நிறுவனத்துக்கு எதிரான மற்ற வழக்குகள் நிறுத்திவைக்கப்படும். டெல்லியை ஒட்டிய நொய்டா பகுதியில் ஆம்ரபாலி குழுமத்திடம் பணம் கட்டிய பல்லாயிரம் பேரின் வழக்கில், 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அக்குழுமத்தின் ரெரா பதிவை ரத்து செய்து, எஞ்சிய கட்டுமானத்தைப் பொதுத்துறை நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைத்தது. பணத்தைத் திருப்பித் தர யாரிடமும் பணம் இல்லாதபோது, வீட்டைக் கட்டி முடிப்பதே எல்லோருக்கும் பொதுவான ஈடு என்ற முடிவு அது.

ஆணை கைக்கு வருவது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. ஆணையத்தின் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் செல்லும் கட்டுநர், வாங்கியவருக்குத் தர வேண்டிய தொகையை வட்டியோடும் இழப்பீட்டோடும் முன்கூட்டிச் செலுத்த வேண்டும். செலுத்தவும் இல்லை, மேல்முறையீடும் இல்லை என்றால், அத்தொகையை நிலவரி பாக்கியைப் போல வருவாய்த் துறை வழியாக வசூலிக்கச் சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் இவ்வசூல் இழுத்தடிக்கப்படும்போது, தாமதத்துக்குத் தீர்வு தேடியவர் இரண்டாவது தாமதத்துக்குள் நுழைகிறார். முதல் தாமதம் கட்டுநருடையது, இரண்டாவது தாமதம் அரசுடையது. வாக்கை மீறியவரைத் தண்டிக்கும் அமைப்பு, உரிய காலத்தில் நீதி தருவதாகத் தான் கொடுத்த வாக்கை மீறினால், முன்னவரைக் கண்டிக்கும் அற வலிமையை அது இழந்துவிடும்.

போன காலத்தைத் திருப்பித் தர எந்த மன்றத்துக்கும் ஆற்றல் இல்லை. வட்டி அதன் விலை ஆகாது, இழப்பீடு அதன் நிழலே. அப்படியானால் தீர்வு என்பது எதைத் திருப்பித் தருகிறது என்ற கேள்விக்கு விடை 18ஆம் பிரிவின் அமைப்பிலேயே இருக்கிறது. தாமதம் வாங்கியவரிடமிருந்து முதலில் பறித்தது ஆண்டுகளை மட்டும் அன்று. தம் வாழ்வின் அடுத்த அடியைத் தாமே தீர்மானிக்கும் ஆற்றலையும் பறித்தது. எப்போது குடிபோவது, எங்கே பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, எப்போது கடனை முடிப்பது என்ற முடிவுகள் யாவும் வேறொருவரின் கட்டுமானக் கால அட்டவணைக்குள் சிக்கிக்கொண்டன. நாரதரின் விதி இழந்த பயனைத் தரச் சொன்னது. இன்றைய சட்டம் அதோடு, தொடர்வதா விலகுவதா என்று முடிவு செய்யும் உரிமையையும் வாங்கியவரிடமே திருப்பித் தருகிறது. முறையீட்டுப் படிவத்தில், கோரும் நிவாரணம் எது என்று கேட்கும் ஒரு பத்தி உண்டு. பல ஆண்டுகளாகப் பிறர் குறித்த தேதிகளுக்குக் காத்திருந்த ஒருவர், அந்த வெற்றிடத்தில் தாம் விரும்புவது வீடா பணமா என்று தம் கையால் எழுதும்போது, தாமதம் பறித்தவற்றுள் திருப்பித் தரக்கூடிய அந்த ஒன்று அவரிடம் திரும்பி வந்துவிடுகிறது; எஞ்சியவை கணக்கில் தீரும் கடன்களும், எந்தக் கணக்கிலும் தீராத சில இழப்புகளுமே.